அந்த பெட்டிஷன்ல நான் கையெழுத்து போடல: கொலராடோ, ஃபோர்ட் காலின்ஸ் தமிழ் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

நம்ம குரூப் மக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் வந்த பெட்டிஷன ரெண்டு தடவ படிச்சேன். நம்ம சிட்டி ஊருக்கு வடக்க பாதுகாத்து வச்சிருக்கற புல்வெளி சோப்ஸ்டோன் ப்ரெய்ரில நாய் கூட்டிட்டு போக விடணும், பார்பிக்யூ அடுப்பு வைக்கணும், பசங்களுக்கு ஊஞ்சல் சறுக்குமரம் போடணும், நிழலுக்கு மரம் நடணும், டிசம்பர்லேந்து பிப்ரவரி வரைக்கும் கேட்ட பூட்டறத நிறுத்தணும்னு சிட்டிக்கு அஞ்சு கோரிக்கை. அண்ணன் நல்லாதான் எழுதியிருக்காரு, இங்கிலீஷ் என்னோடத விட நல்லாருக்கு. ஆனா நான் கையெழுத்து போடல. ஏன் போடலன்னு மூணு பேரு தனியா கேட்டுட்டீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் டைப் பண்றதுக்கு மொத்தமா இங்கயே சொல்லிடறேன். கொஞ்சம் நீளும், ஞாயித்துக்கிழமை காபியோட உக்காந்து படிங்க.

நாம எல்லாரும் சோப்ஸ்டோனுக்கு பிக்னிக் போன அன்னிக்கு நடந்தத மறக்கல. ஆறு கார், மூணு பெரிய டப்பா பிரியாணி, ஐ-25ல 288 எக்ஸிட்ல இறங்கி, அப்பறம் அந்த மண் ரோட்டுல காருக்கு பின்னாடி புழுதி கெளப்பிக்கிட்டு, தூரத்துல ராஹைட் பவர் பிளாண்ட் புகைபோக்கிய பாத்துக்கிட்டே ஒரு மணி நேரம் போனோம். வாசல்ல நின்னவரு ப்ரூனோவ பாத்துட்டு நாய் கூடாது, காருக்குள்ள வச்சிருந்தாலும் கூடாதுன்னு சொல்லிட்டாரு. ஒரு ஃபேமிலி அப்பிடியே திரும்பி போச்சு. பாவமாதான் இருந்துச்சு, அந்த குட்டிப்பொண்ணு அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. உள்ள போனா தண்ணி கிடையாது, செல்ஃபோன் சிக்னல் கிடையாது, வெயில் மண்டைய பொளக்குது, எல்லா பக்கமும் புல்லு. "இதுக்கா ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுனோம், நம்ம டாக்ஸ் பணத்துல இந்த பொட்டக்காட்டையா வாங்கி வச்சிருக்கானுங்க"ன்னு யாரோ சொன்னீங்க. யாருன்னு சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

பொட்டக்காடு. அந்த வார்த்தையிலதான் எனக்கு மனசு மாட்டிக்கிச்சு.

டாக்ஸ் கணக்கையே முதல்ல பாத்துருவோம். இந்த ஊர்ல விக்கற பொருளுக்கு சிட்டி போடற சேல்ஸ் டாக்ஸ்ல கால் சென்ட், அதாவது நூறு டாலருக்கு 25 சென்ட், இந்த மாதிரி நிலத்த வாங்கி பாதுகாக்கறதுக்குன்னு தனியா போகுது. இது மேலேந்து எவனும் திணிச்சதில்ல, ஊர் மக்களே ஓட்டு போட்டு தனக்குத்தானே போட்டுக்கிட்ட வரி. 2002ல அத நீட்டிக்கணும்னு கேட்டு பேலட்டுக்கு கொண்டு வந்ததே சாதாரண ஜனங்கதான். நம்ம ஊர் இருக்கற லாரிமர் கவுண்டிலயும் இதே மாதிரி தனியா ஒரு கால் சென்ட் இருக்கு. அந்த பணத்துலயும் கொலராடோ லாட்டரி காசுலேந்து வந்த கிராண்ட்லயும்தான் 2004லேந்து சோப்ஸ்டோன துண்டு துண்டா வாங்குனாங்க, ஒட்டி இருக்கற ரெட் மவுண்டன்ங்கற நிலத்த கவுண்டி வாங்குச்சு, 2009ல ரெண்டையும் ஜனங்களுக்கு திறந்து விட்டாங்க. சோப்ஸ்டோன் மட்டுமே 28 சதுர மைலுக்கு மேல, வயோமிங் எல்லை வரைக்கும் போகுது. மலையடிவாரத்துலேந்து சமவெளி வரைக்கும் நடுவுல வீட்டு மனை விழாம ஒரே நீட்டா நிலம் இருக்கணும்ங்கறதுதான் பிளானே. நம்ம டெனவர் ஏர்போர்ட்டுக்கு போற வழியெல்லாம் பாருங்க, போன வருஷம் வயலா இருந்தது இந்த வருஷம் ஒரே மாதிரி சாம்பல் கலர் வீடா நிக்குது. அது இங்க வடக்க ஏறி வராம இருக்கறதுக்கு காரணம் அந்த 25 சென்ட்.

(பக்கத்துலயே சிட்டிக்கு சொந்தமா மெடோ ஸ்ப்ரிங்ஸ்னு இன்னொரு பெரிய ராஞ்ச் இருக்கு தெரியுமா? நம்ம வீட்டு கழிவுநீர சுத்திகரிச்சப்பறம் மிஞ்சற சத்த உரமா கொட்டறதுக்குன்னு வாங்குனது. ஆக நாமளும் நம்ம பங்குக்கு அந்த புல்லுக்கு ஏதோ பண்ணிக்கிட்டுதான் இருக்கோம்.)

சரி, நாய் விஷயத்துக்கு வரேன், அதுலதான் எல்லாருக்கும் கோவம் அதிகம். எங்க வீட்லயும் நாய் இருக்கு, நான் நாய் பிடிக்காதவ இல்ல. ஆனா அங்க கருப்பு கால் ஃபெரெட்னு ஒரு ஜீவன திரும்ப கொண்டு வந்து விட்டிருக்காங்க. நம்ம ஊர் கீரிப்பிள்ள மாதிரி நீளமா ஒல்லியா இருக்கும், கண்ண சுத்தி கருப்பு மாஸ்க் கட்டுன மாதிரி, ராத்திரிலதான் வெளிய வரும். அதுக்கு சாப்பாடே ப்ரெய்ரி டாக்தான், ப்ரெய்ரி டாக் தோண்டுன பொந்துதான் வீடும். (பேருதான் டாக், அது அணில் வகை.) ராஞ்ச்காரங்க ப்ரெய்ரி டாக்க தொல்லன்னு வெஷம் வச்சு கொன்னாங்க, கூடவே இதுவும் போயிருச்சு, 1979ல ஒண்ணு கூட மிச்சமில்ல, இனமே அழிஞ்சு போச்சுன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. 1981ல வயோமிங்ல மீட்டீட்ஸிங்கற ஊர்ல ஷெப்னு ஒரு ராஞ்ச் நாய் ராத்திரி எதையோ கடிச்சு கொன்னு வாசல்ல கொண்டாந்து போட்டுச்சு. வீட்டுக்காரருக்கு என்னன்னு தெரியல, செத்த மிருகத்த பாடம் பண்றவர்கிட்ட கொண்டு போனா அவரு பாத்துட்டு ஆடிப் போயிட்டாரு. அப்பறம் தேடிப் போனா பக்கத்துலயே ஒரு கூட்டம் உயிரோட இருந்துச்சு.

அத கண்டுபிடிச்சு குடுத்தது நாய்தானேன்னு கேப்பீங்க. ஆமா. ஆனா நாலே வருஷத்துல, 1985ல, அந்த கூட்டத்த வாரிக்கிட்டு போனது கேனைன் டிஸ்டெம்பர், நாய்களுக்கு வர்ற அதே வைரஸ், கூடவே ப்ளேக். மிச்சம் பிடிச்சு கொண்டாந்தது பதினெட்டு. அப்பறமா க்ளோன் பண்ணுன சிலதையும் அதுங்க குட்டிங்களையும் தவிர்த்தா, அந்த பதினெட்டுல ஏழோட வாரிசுங்கதான் இன்னிக்கு இருக்கற அத்தன ஃபெரெட்டும். அதுங்கள வளக்கற நேஷனல் சென்டர் நம்ம வெலிங்டனுக்கு வடக்கதான் இருக்கு, வருஷக்கணக்கா அந்த பக்கம் ஹைவேல போயிட்டு வந்துட்டு இருக்கோம், நமக்கே தெரியாது. 1988ல ஃப்ரீஸ் பண்ணி வச்சிருந்த செல்லுலேந்து க்ளோன் பண்ணி 2020 டிசம்பர்ல ஒரு குட்டி பொறந்துச்சே, எலிசபெத் ஆன்னு பேரு வச்சாங்களே, அது பொறந்ததும் அங்கதான். இப்பிடி கஷ்டப்பட்டு வளத்த ஃபெரெட்டுங்களத்தான், அந்த க்ளோனுக்கு முன்னாடியே, 2014ல சோப்ஸ்டோன்ல கொண்டு போய் விட்டாங்க.

நம்ம நாய்க்கு ஊசி போட்டாச்சு, ப்ரூனோவுக்கும் போட்டாச்சு, எனக்கு தெரியும். வாசல்ல நிக்கற ஆளுக்கு எப்பிடி தெரியும்? ஒவ்வொரு காரையும் நிறுத்தி நாயோட சர்டிஃபிகேட் பாப்பாரா? இதுல ப்ளேக் வேற. நான் சொல்றது நெஜ ப்ளேக், அந்த காலத்துல பம்பாய்ல ஜனங்கள வாரிக்கிட்டு போச்சே அதே கிருமி, தெள்ளுப்பூச்சி வழியா ப்ரெய்ரி டாக் பொந்துக்குள்ள இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. பொந்து பொந்தா மருந்து பொடி தூவறாங்க, கடலை வெண்ணெய் வாசனையோட வேக்சின் உருண்டை பண்ணி போட்டுக்கூட பாத்திருக்காங்க. அந்த பொந்துல மூக்க விட்டு மோந்து பாத்துட்டு வர்ற நாய் சாயங்காலம் உங்க சோஃபாவுலதான் ஏறி படுக்கும். அவ்ளோதான் நான் சொல்லுவேன். இது போக தரையிலயே முட்டை வைக்கற பறவைங்க, குட்டிய புல்லுல மறச்சு வச்சிட்டு மேயப்போற ப்ராங்ஹார்ன்ங்கற மான் மாதிரி மிருகம், மேயவிட்ட மாடு கன்னு எல்லாம் இருக்கு. கயிறு கட்டி கூட்டிட்டு போனாலும் அதுங்களுக்கு அது ஓநாய் மாதிரி ஒண்ணுதான்.

மரம் நடற கோரிக்கையில யாரும் தப்பா எதுவும் நெனச்சு எழுதல, நமக்கெல்லாம் மரம் நடறதுன்னா புண்ணியம், ஸ்கூல்லேந்தே அப்பிடித்தான். நானும் முதல் தடவ போனப்ப அதத்தான் நெனச்சேன், இவ்ளோ எடம் இருக்கே நாலு வேப்பமரம் மாதிரி ஏதாவது வச்சா என்னன்னு. ஆனா அது மரம் இல்லாம போன எடமில்ல, மரம் வளராத எடம். இந்த பக்கம் வருஷத்துக்கு மொத்தமே ஏறக்குறைய 15 இஞ்ச் மழைதான், அதுக்கு ஏத்த மாதிரி ப்ளூ கிராமா, பஃபலோ கிராஸ்னு கணுக்கால் ஒசரத்துக்கு மேல அதிகமா வளராத புல்லு. நாம மேல பாக்கறது கொஞ்சம், முக்காவாசி செடி மண்ணுக்கு கீழதான், வேரா. அதாவது அந்த காடு தலகீழா இருக்கு. அத ஒரு தடவ உழுது கெளறிட்டா திரும்ப வர பல வருஷம் ஆகும், 1930கள்ல இந்த பக்கமெல்லாம் உழுது போட்டு, மழை பொய்ச்சு, மண்ணு மொத்தமா காத்துல எந்திரிச்சு போன கதை நமக்கு தெரிஞ்சதுதான். மரத்த நட்டா என்ன ஆகும்னா பருந்தும் காக்காவும் ஒக்காந்து வேட்டை பாக்க வசதியா ஒரு கொம்பு கிடைக்கும், தரையில கூடு வச்ச பறவை காலி. மவுண்டன் ப்ளவர்னு ஒரு பறவை, பேருதான் மவுண்டன், அது கூடு வைக்கறது புல்லே சரியா இல்லாத வெத்து தரையில, மாடும் ப்ரெய்ரி டாக்கும் மொட்டையா மேஞ்சு வச்ச எடமா பாத்து. நமக்கு எது அசிங்கமா தெரியுதோ அதத்தான் அது தேடி வருது. மாடு மேயறதையும் யாரோ குறை சொன்னீங்க, வைல்ட்லைஃப் ஏரியாவுல மாட்டுக்கு என்ன வேலன்னு. இந்த புல்லு ஆயிரக்கணக்கான வருஷமா மேய்ச்சல்லயே வளந்த புல்லு. பைசன், அதாவது இந்த ஊர் காட்டெருமை, மேஞ்சுது, பைசன நாம, சாரி, மனுஷங்க, அழிச்சாங்க, இப்ப அந்த வேலைய மாடு பாக்குது.

பைசன்னு சொன்னதும் ஞாபகம் வருது, அன்னிக்கு தூரத்துல தெரிஞ்ச கருப்பு புள்ளிங்கள மாடுன்னு சொல்லி யாரும் கண்டுக்கல. எல்லாமே மாடு இல்ல. ஒரு காலத்துல இந்த கண்டத்துல மூணு கோடி பைசனாவது இருந்துச்சுன்னு சொல்றாங்க, 1880கள் முடியறப்ப ஆயிரம் கூட இல்ல. யெல்லோஸ்டோன்ல மிஞ்சுன கூட்டத்தோட ரத்தம் ரொம்ப முக்கியமானது, ஆனா அதுங்களுக்கு மாட்டுக்கும் தொத்தற ப்ரூசெல்லோசிஸ் நோய் இருக்கறதால உயிரோட வெளிய கொண்டு வர்றதுல ஆயிரம் தடை. நம்ம ஊர் சிஎஸ்யூல (கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி) ஜெனிஃபர் பார்ஃபீல்ட்னு ஒரு ப்ரொஃபசரும் அவங்க டீமும் கருவ லேப்ல வச்சு கழுவி, கிருமி இல்லாம பண்ணி, வேற பைசன் வயித்துல வளத்து, அப்பிடி வந்த கூட்டத்துலேந்து பத்து பைசன 2015 நவம்பர்ல சோப்ஸ்டோன்ல எறக்கி விட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேல காலியா கிடந்த மண்ணு அது. அதுக்கப்பறம் அந்த கூட்டம் பெருகி, இங்கேந்து பழங்குடி மக்களோட மந்தைகளுக்கும் பைசன் போயிருக்கு. அது ஒரு சின்ன கடன் திருப்பி குடுக்கற மாதிரி. 1851 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தத்துல இந்த பக்கமெல்லாம் ஷயான், அராபஹோ மக்களோட நிலம்னு கையெழுத்து போட்டு குடுத்தவங்கதான் அத புடுங்கிக்கிட்டதும், நாம இன்னிக்கு மார்ட்கேஜ் கட்டற வீடெல்லாம் அந்த நிலத்துலதான் நிக்குது.

இன்னும் பின்னாடி போனா தலை சுத்தும். அந்த பார்க்கிங் பக்கத்துலேந்து ஒரு சின்ன சிமெண்ட் பாதை போகுதுல்ல, வீல்சேர் கூட போகலாம், கடைசில ஒரு மேடை. நம்ம ஆளுங்க அங்க நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்துட்டீங்க. அங்கேந்து கீழ தெரியற பள்ளம்தான் லிண்டன்மையர். 1924ல ஒரு அப்பாவும் புள்ளையும் ஃபிரெண்டும் அம்பு முனை தேடி போனப்ப கிடைச்ச எடம். 1934லேந்து 1940 வரைக்கும் ஸ்மித்சோனியன் மியூசியத்துலேந்து ஆராய்ச்சியாளர் ஃபிராங்க் ராபர்ட்ஸ் வந்து தோண்டுனாரு. ஃபால்சம்னு சொல்ற ஆதி மனுஷங்க பத்தாயிரம் வருஷத்துக்கும் முன்னாடி கூட்டமா வந்து தங்குன எடம், இப்ப இருக்கறத விட பெருசா இருந்த பழைய பைசன வேட்டையாடி, தோல பதம் பண்ணி தச்சிருக்காங்க, எலும்புல செஞ்ச ஊசி கிடைச்சிருக்கு, காதோட. ஊசி காது! அந்த காத்துல, அந்த குளிர்ல, ஒருத்தி உக்காந்து கண்ண இடுக்கிக்கிட்டு நரம்ப கோத்திருப்பா. 1961ல அத தேசிய வரலாற்று சின்னமா அறிவிச்சாங்க. அந்த பள்ளத்துக்கு பக்கத்துல பார்பிக்யூ அடுப்பும் சறுக்குமரமும் கேக்கறோம் நாம. நம்ம ஊர்ல ஸ்ப்ரிங் கேன்யன் பார்க் இருக்கு, இன்னும் எத்தனையோ பார்க் இருக்கு, அங்கெல்லாம் எல்லாம் இருக்கு, பிரியாணிக்கு அங்க போவோமே.

குளிர்காலம் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. அந்த மூணு மாசம் எல்க்குங்கற பெரிய மானும் ப்ராங்ஹார்னும் ஒடம்புல இருக்கற கொழுப்ப வச்சே ஓட்டுது, ஒரு தடவ நம்மள பாத்து பயந்து ஓடுனா அன்னிக்கு சாப்பிட்டது போச்சு. மார்ச் ஒண்ணாந்தேதி கேட் திறந்துரும். மத்த ஒம்பது மாசமும் பொழுது விடிஞ்சதுலேந்து சாயற வரைக்கும் நமக்குத்தான், டிக்கெட் கூட கிடையாது.

அம்மா இங்க வந்திருந்தப்ப ஒரு தடவ கூட்டிட்டு போனேன். கோவில்பட்டி பக்கம் அவங்க. கார்லேந்து எறங்கி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, எனக்கு பயம், அவங்களுக்கு புடிக்கலன்னு நெனச்சேன். அப்பறம் கேட்டாங்க, "இது யாரு மேய்ச்சக்காடு?" நான் சிட்டியோடதும்மான்னேன். "ஊரே வச்சிருக்கா?" ஆமா. அவங்க சின்ன வயசுல ஊருக்கு மேக்க இப்பிடித்தான் ஒரு மேய்ச்சல் நிலம் கிடந்துச்சாம், வெள்ளாடும் செம்மறியும், சாயங்காலம் பூராவும் ஒரே புழுதியா வீடு திரும்புமாம், கவுதாரி கத்துமாம். அப்பறம் அது கணக்குல தரிசுன்னு இருந்துச்சு, தரிசுன்னா யாருக்கும் வேணாததுன்னு அர்த்தம், கொஞ்சம் கொஞ்சமா ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்க, இப்ப அங்க ஒரு கல்யாண மண்டபமும் ப்ளாட்டும் இருக்குன்னாங்க. கோவமா சொல்லல, சும்மாதான் சொன்னாங்க. பொட்டக்காடுன்னு நீங்க சொன்னப்ப எனக்கு அதான் சுருக்குன்னுச்சு.

சிட்டி பண்றதெல்லாம் சரின்னு நான் சொல்ல வரல. எனக்கும் ஒரு குறை இருக்கு, பெரிய குறைதான். அந்த கால் சென்ட்ட கடையில பொருள் வாங்கற எல்லாரும் குடுக்கறாங்க, ஆனா அங்க போகணும்னா கார் வேணும், மண் ரோட்டுல ஓட்ட தைரியம் வேணும், நாள் பூரா லீவும் வேணும். நம்ம சிட்டி பஸ் டிரான்ஸ்ஃபோர்ட் அந்த பக்கம் எட்டிக்கூட பாக்காது. சிஎஸ்யூ பசங்க, ஹோட்டல்ல பாத்திரம் கழுவறவங்க, ஊர்லேந்து வந்து வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கற நம்ம அப்பா அம்மாங்க, இவங்க யாரும் தனியா அங்க போக முடியாது. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, மார்ச்லேந்து நவம்பர் வரைக்கும், டவுன்டவுன்லேந்து ஒரு பஸ்ஸு காலையில போயி சாயங்காலம் திரும்பணும், கூட அந்த எடத்த பத்தி தெரிஞ்ச வாலண்டியர் ஒருத்தர் வரணும். ஒரு பஸ்ஸு போனா பத்து பதினஞ்சு கார் புழுதி மிச்சம், பார்க்கிங்க பெருசாக்க வேண்டியதில்ல, மிருகத்துக்கும் தொல்லை கம்மி. அப்பிடி ஒரு பெட்டிஷன் எழுதுங்கண்ணா, முதல் கையெழுத்து என்னோடது, கவுன்சில் மீட்டிங்ல மைக்குல பேசறதுக்கும் நான் ரெடி, கை நடுங்கும், பரவால்ல. இந்த அஞ்சையும் எடுத்துட்டு அது ஒண்ண மட்டும் வச்சு அனுப்புவோமா?

நம்ம ட்ரோன் தம்பிக்கும் சேத்து சொல்லிடறேன், அதுவும் கூடாதுப்பா, வாசல் போர்டுலயே போட்டிருக்கு.

அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை நான் போறேன், காலையில அஞ்சரைக்கு எங்க வீட்டு வாசல்லேந்து. கார்ல நாலு எடம் இருக்கு. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, பைனாகுலர் இருந்தா அதுவும், ரேட்டில்ஸ்னேக் இருக்கற எடம் அதனால ஷூ கட்டாயம், செருப்போட வந்தா ஏத்த மாட்டேன். திரும்பி போன அந்த குட்டிப்பொண்ண கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. ப்ரூனோவ அன்னிக்கு முழுசும் எங்க வீட்டுக்காரர் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு, எங்க நாய்க்கும் ஒரு தொணையாச்சு. புளியோதரை என் பொறுப்பு. யார் யார் வரீங்கன்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.